மூடைக்குள் இருக்கும் ஈரமும் கிரபீன் கண்ணும்



சில மாதங்களுக்கு முன்னர் எனக்குத் தெரிந்த தரகர் ஒருவர் கடைக்கு வந்தார். மிளகு நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில், கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்த கறுப்புக் கல் ஒன்றை வைத்தார். தொட்டால் விரலில் மினுமினுப்பாக ஒட்டிக் கொள்ளும் காரீயக் கல் அது.

"ஹாஜியார், இது சும்மா கல்லில்ல. கிரபீன் எடுக்கிறது இதிலதான். இனி வாற கெமரா எல்லாம் இருட்டிலயும் பார்க்குமாம், சாமானுக்குள்ள ஈரமிருந்தாலும் சொல்லுமாம். அதுக்குத் தேவையான பொருள் இதுதான். கேகாலைப் பக்கம் காணி ஒண்டு விலைக்கு வந்திருக்கு. நாலு பேர் சேர்ந்தா எடுத்துப் போடலாம்" என்றார்.

அப்போது என்னுடன் இருந்த நண்பர் ஒருவர் மகளின் கலியாணச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கி விட்டார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. "ஒரு கிழமை பொறுங்க, விசாரிச்சுப் பார்த்துப் பேசுவம்" என்று சொல்லி இருவரையும் அனுப்பி வைத்தேன். அந்த ஒரு கிழமையில் படித்தும், படித்த பிள்ளைகளிடம் கேட்டும் அறிந்து கொண்டவற்றையே இவ்வாரம் எழுதுகிறேன். தரகர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும் பாதி.

கிரபீன் என்பது என்ன?

பென்சில் கூரில் இருக்கும் காரீயம் முழுக்க முழுக்கக் காபன்தான். அது தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரேயொரு தாளை, அதாவது ஓர் அணுவின் தடிப்பே உள்ள தாளைப் பிரித்தெடுத்தால் அதன் பெயர் கிரபீன். 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மென்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரே கைம், கொன்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகிய இருவரும் இதனைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய ஆயுதம் நமது கடைகளில் பார்சல் ஒட்டும் டேப் போன்ற ஒன்றுதான். காரீயத்தில் டேப்பை ஒட்டி உரித்து, மீண்டும் மீண்டும் உரித்து, கடைசியில் ஓர் அணுத் தாளுக்கு வந்து சேர்ந்தார்கள். 2010இல் இருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் தாளில் மின்சாரம் மிக வேகமாக ஓடும். ஆனால் ஒளியைப் பிடிப்பதில் அது கெட்டிக்காரன் அல்ல. அதன் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கைத்தான் அது உறிஞ்சும். மீதி ஊடுருவிப் போய்விடும். ஒளியைப் பிடிக்காத ஒன்றைக் கொண்டு கெமராவுக்குக் கண் செய்ய முடியாதல்லவா? இங்கேதான் இரண்டாவது பங்காளி வருகிறார்.

அவர் பெயர் குவாண்டம் புள்ளி. குறைகடத்திப் பொருளொன்றை ஒரு சில நனோ மீற்றர் அளவுள்ள மணிகளாக ஆக்கினால், அந்த மணியின் பருமனைப் பொறுத்து அது பிடிக்கும் ஒளி மாறுகிறது. மருந்து ஒன்றுதான், மணியைச் சிறிதாக்கினால் ஒரு நிறம், பெரிதாக்கினால் இன்னொரு நிறம். இதனைக் கண்டுபிடித்து வளர்த்தமைக்காக 2023ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசு அலெக்ஸி எகிமோவ், லூயிஸ் புரூஸ், மௌங்கி பவென்டி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. இவர்களில் பவென்டி அவர்களின் தந்தை தூனிசிய நாட்டவர், கணித அறிஞர். பவென்டி பல்கலைக்கழகத்தில் எழுதிய முதலாவது இரசாயனப் பரீட்சையில் 100க்கு 20 புள்ளிகள்தான் பெற்றார் என்பதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையை "நீ கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்" என்று கூப்பிட்டு விடும் வாப்பாமார் இதனைக் கவனிக்க வேண்டும். நானும் என் மூத்த மகன் விடயத்தில் அப்படிச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

இரண்டு பங்காளிகளின் கூட்டு வியாபாரம்

குவாண்டம் புள்ளிகள் ஒளியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிடித்ததை மின்சாரமாக வெளியே கொண்டு வருவதில் மந்தமானவை. கிரபீன் மின்சாரத்தை வேகமாகக் கடத்தும். ஆனால் ஒளியைப் பிடிக்கத் தெரியாது. நமது முழாரபா வியாபாரத்தில் ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பைப் போடுவார். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் ஈடு செய்வார். இங்கும் அதே கதைதான். கிரபீன் தாளின் மேல் குவாண்டம் புள்ளிகளை மெல்லிய படையாகப் பூசி விடுகிறார்கள்.

ஸ்பெயினில், பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் உள்ள ஐ.சி.எப்.ஓ. என்ற ஒளியியல் ஆய்வு நிறுவனத்தில் கெராசிமோஸ் கொன்ஸ்டன்டாட்டோஸ், பிராங்க் கொப்பென்ஸ் ஆகியோரின் குழுவினர் 2012ஆம் ஆண்டு இதனைச் செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்த புள்ளிகள் ஈய சல்பைட்டினால் ஆனவை. ஒளி விழுந்ததும் புள்ளிக்குள் ஒரு நேர் ஏற்றமும் ஒரு மறை ஏற்றமும் பிரிகின்றன. ஒன்று கிரபீனுக்குள் இறங்கி விடும். மற்றது புள்ளிக்குள்ளேயே சிக்கிக் கொள்ளும். சிக்கியிருப்பவர், கடைக் கதவைத் திறந்து பிடித்துக் கொண்டு நிற்பவரைப் போன்றவர். அவர் கதவை விடும்வரை கிரபீன் வழியாக ஏற்றங்கள் போய்க் கொண்டே இருக்கும். இவ்வாறு ஒளியின் ஒரேயொரு துகளுக்கு ஏறத்தாழ 10 கோடி இலத்திரன்கள் ஓடுவதாக அக்குழுவினர் அளந்தார்கள். மங்கலான வெளிச்சத்தையும் இக்கருவி உணர்வது இதனால்தான்.

2017ஆம் ஆண்டு அதே நிறுவனத்தினர் இதனைச் சாதாரண சிலிக்கன் சிப் ஒன்றின் மேல் பொருத்தி, 388க்கு 288 புள்ளிகள் கொண்ட ஒரு கெமரா உணரியைச் செய்தார்கள். நமது கையடக்கத் தொலைபேசிக் கெமராவோடு ஒப்பிட்டால் புள்ளிகள் மிகக் குறைவு. ஆனால் அது பார்க்கும் ஒளியின் வீச்சு 300 நனோ மீற்றரிலிருந்து 2,000 நனோ மீற்றர் வரை. நமது கண்ணோ சுமார் 400இலிருந்து 700 வரைதான் பார்க்கும். தொலைபேசிக் கெமராவில் உள்ள சிலிக்கன் ஏறக்குறைய 1,100உடன் குருடாகி விடும்.

வியாபாரிக்கு இதில் என்ன?

1,100க்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்குரிய கேள்வி. அங்கே நீர் இருக்கிறது. சுமார் 1,450 நனோ மீற்றரில் நீர் ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. அந்த ஒளியில் படம் எடுத்தால் காய்ந்த மணி வெளிச்சமாகவும், ஈரமான மணி இருட்டாகவும் தெரியும். எண்ணெய், கொழுப்பு, பிளாஸ்டிக், கல் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே தனித்தனி அடையாளம் உண்டு. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் மிளகும் பப்பாசி விதையும் அந்த வெளிச்சத்தில் ஒன்று போல இருக்க வேண்டியதில்லை.

இப்படிப் பார்க்கும் கெமராக்கள் ஏற்கனவே உள்ளன. இந்தியம், காலியம், ஆர்சனிக் ஆகியன சேர்ந்த குறைகடத்தியால் அவை செய்யப்படுகின்றன. அவற்றின் விலை பல ஆயிரம் டொலர்கள். பத்தாயிரம் டொலரைத் தாண்டுபவையும் உண்டு. அந்தப் பொருளைத் தனியாக வளர்த்து, பின்னர் சிப்பின் மேல் கவனமாகப் பொருத்த வேண்டியிருப்பதே விலைக்குக் காரணம். குவாண்டம் புள்ளிகளையோ திரவத்தில் கலந்து, பெயின்ட் பூசுவது போல நேரடியாகச் சிப்பின் மேல் பூசலாம். கிரபீனையும் அதன் மேல் விரிக்கலாம். அதாவது, இந்தக் கண்டுபிடிப்பின் உயிர்நாடி விலைதான். இன்று பெரிய தொழிற்சாலையில் மட்டும் இருக்கும் கண், நாளை சின்னக் கொள்வனவாளரின் கையிலும் வந்து விடக்கூடும்.

உடனே வந்து விடும் என்று நான் சொல்லவில்லை. குறைகளும் இருக்கின்றன. இருட்டிலும் கிரபீனில் மின்சாரம் ஓடிக் கொண்டே இருக்கும், அதனால் வீண் செலவும் குழப்பமும் உண்டு. கதவைப் பிடித்துக் கொண்டிருப்பவர் நீண்ட நேரம் பிடித்தால் உணர்திறன் கூடும், ஆனால் கருவி மெதுவாகி விடும். ஈயம் நச்சுப் பொருள் என்பதால் ஐரோப்பாவில் இலத்திரனியல் சாமான்களில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் ஈயம் இல்லாமல், வெள்ளி டெலுரைட்டைக் கொண்டு புள்ளிகள் செய்து 2024இல் அதே ஸ்பெயின் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். கிரபீன் இல்லாமல் குவாண்டம் புள்ளிகளை மட்டும் வைத்துக் கெமரா செய்யும் கம்பனிகளும் உண்டு. எந்தக் குதிரை முதலில் வரும் என்று பந்தயம் பிடிப்பது நமது வேலையல்ல. குதிரைகள் ஓடத் தொடங்கி விட்டன என்பதைத் தெரிந்து கொண்டால் போதும்.

தரகருக்கு நான் சொன்ன பதில்

இனிக் காணி விடயத்துக்கு வருவோம். நமது நாட்டுக் காரீயம் உலகில் பெயர் பெற்றது என்பது உண்மைதான். கேகாலை மாவட்டத்தின் போகலையிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் பாறை வெடிப்புகளில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் காரீயம் மிகத் தூய்மையானது. அதைப்பற்றிப் பெருமைப்படலாம். ஆனால் மூன்று விடயங்களைத் தரகர் சொல்லவில்லை.

முதலாவது, கெமரா உணரிக்குத் தேவையான கிரபீனைப் பெரும்பாலும் காரீயத்திலிருந்து உரித்தெடுப்பதில்லை. டேப்பினால் உரிப்பது ஆய்வுகூட வேலை. சிப் மேல் விரிப்பதற்குப் பெரிய, பழுதில்லாத தாள் தேவை. அதற்காக மெதேன் வாயுவைச் சுமார் 1,000 பாகை செல்சியஸ் சூட்டில் செப்புத் தகட்டின் மீது விட்டு, அங்கேயே கிரபீனை வளர்க்கிறார்கள். நமது மலையில் உள்ள காரீயத்துக்கும் அந்தக் கெமராவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காரீயத்திலிருந்து எடுக்கும் கிரபீன் தூளுக்குப் பெயின்ட், பற்றரி, பிளாஸ்டிக் கலவை போன்ற வேறு சந்தைகள் இருக்கின்றன. அது வேறு வியாபாரம், வேறு கணக்கு.

இரண்டாவது, காணி உங்களுடையதாக இருந்தாலும் அதற்குக் கீழே உள்ள கனியம் உங்களுடையது அல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கனியங்களின் உரிமை அரசாங்கத்துக்கே. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்ட முடியாது. உறுதியில் எழுதியிருப்பது மண்ணின் மேற்பரப்பைத்தான்.

மூன்றாவது, இந்தப் பாடத்தை நமது பாட்டன்மார் காலத்திலேயே நாடு படித்திருக்கிறது. முதலாவது உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இலங்கைக் காரீயத்துக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. 1916ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி 30,000 தொன்னைத் தாண்டியது. போர் முடிந்ததும் விலை விழுந்தது. மடகஸ்கார் காரீயம் சந்தையைப் பிடித்தது. குழிகள் மூடப்பட்டன. மூலப்பொருளை மட்டும் விற்பவனுக்கு விலையைத் தீர்மானிக்கும் உரிமை ஒருபோதும் கிடைப்பதில்லை.

இவற்றைச் சொன்னதும் தரகர் கல்லைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு போனார். நண்பரின் பணம் அல்ஹம்துலில்லாஹ் பத்திரமாக இருக்கிறது.

மூடைக்குள் கை

காணி விடயம் அத்துடன் முடிந்தது. ஆனால் "சாமானுக்குள்ள ஈரமிருந்தாலும் சொல்லுமாம்" என்று அவர் போகிற போக்கில் சொன்ன சொல் எனக்கு முடியவில்லை.

நமது பகுதியில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா வியாபாரம் செய்வோர் ஏராளம். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது? நூற்றுக்கு 12 வரை ஈரம் இருக்க வேண்டிய மிளகு, 16 ஈரத்துடன் கைமாறுவதைக் காணாதவர் யார்? கணக்கைப் பாருங்கள். 1,000 கிலோ மிளகில் நூற்றுக்கு 16 ஈரம் இருந்தால், அதனை 12க்குக் காய வைத்ததும் எஞ்சுவது சுமார் 955 கிலோ. மீதி 45 கிலோ வெறும் தண்ணீர். மிளகு விலைக்குத் தண்ணீர் விற்கப்படுகிறது. ஒரு சிலர் இதனைத் தெரிந்தே செய்கிறார்கள். பலர் தெரியாமல் செய்கிறார்கள். ஈரம் பூஞ்சணத்தைக் கொண்டு வரும், பூஞ்சணம் நச்சைக் கொண்டு வரும், அந்த நச்சு ஒரு மூடையில் இருந்தால் முழுக் கொள்கலனும் துறைமுகத்தில் நிற்கும்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்ததும் நாம் எல்லோரும் ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்ட சம்பவம்தான். கேட்டு விட்டு வந்து கடையைத் திறக்கிறோம்.

ஸ்பெயினில் செய்யப்படும் கருவி அந்தக் கையின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யப் போகிறது. ஒரு பகுதி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஒளி பொருளின் மேற்பரப்பைத்தான் பார்க்கும், குவியலின் அடிவரை போகாது. ஆனால் மிளகு பட்டியில் பரவலாக ஓடும்போது ஒவ்வொரு மணியும் மேற்பரப்புத்தானே? நமது அரிசி ஆலைகளில் கலர் சோட்டர் வந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கறுப்பு மணி கலந்த அரிசியை வாங்குவதற்கு ஆளில்லாமல் போனது. மிளகுக்கும் கராம்புக்கும் அதே காலம் வரும்.

எனது அச்சம் இயந்திரத்தைப் பற்றியதல்ல. இயந்திரம் வாங்குபவர் கையில் மட்டும் இருப்பதைப் பற்றியது. "உங்கள் சரக்கில் ஈரம் கூட, இவ்வளவு வெட்டுகிறேன்" என்று அவர் சொல்லும்போது, நமது கையில் ஓர் அளவும் இல்லாவிட்டால் எதைக் கொண்டு வாதாடுவது? பல்லால் கடித்துப் பார்த்தேன் என்றா? என் வாப்பா மிளகைக் கடித்து, சத்தத்தைக் கேட்டு ஈரத்தைச் சொல்லுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் கொழும்புக் களஞ்சியத்திலோ ஹம்பர்க் துறைமுகத்திலோ வாப்பாவின் பல்லுக்கு மதிப்பில்லை. நேர்மையாகக் காய வைத்துக் கொடுத்த வியாபாரியும், தண்ணீர் தெளித்துக் கொடுத்தவரும் ஒரே வெட்டுக்கு ஆளாவதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

செய்ய வேண்டியது என்ன?

குவாண்டம் புள்ளிக் கெமராவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மின்சாரத்தால் ஈரம் அளக்கும் சாதாரணக் கருவிகள் இப்போதே சந்தையில் உள்ளன. தனியொருவருக்குச் செலவாகத் தெரிந்தால் ஒவ்வொரு ஊர் வர்த்தகர் சங்கமும் ஒன்றை வாங்கி, சங்கக் காரியாலயத்தில் வைக்கலாம். அதனைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு பிள்ளையை அமர்த்தலாம். தோட்டக்காரரிடம் வாங்கும்போது ஒரு தடவை, கொழும்புக்கு ஏற்றும்போது ஒரு தடவை அளந்து, துண்டு எழுதி மூடையோடு அனுப்பினால், வாங்குபவர் வாயால் சொல்லும் கணக்குக்கு நமது கையிலும் ஒரு பதில் இருக்கும். காய வைக்கும் முறை பற்றி ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் அலுவலர்களிடம் கேட்டறியலாம். கேட்பதற்கு நாம்தான் போவதில்லை.

இன்னொன்று. சிலோன் கறுவாவுக்கு 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டு அங்கீகாரம் வழங்கியது. பெயருக்கு மதிப்புக் கூடும்போது பரிசோதனையும் கூடும். நல்ல சரக்கு வைத்திருப்பவருக்குக் கூர்மையான கண் எதிரியல்ல, அதுவே அவருடைய சாட்சி.

இப்னு ஹைதம் அவர்கள் பஸராவில் பிறந்து, ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் ஒளியையும் பார்வையையும் பற்றி ஆய்வு செய்தார்கள் என்று மேடைகளில் பேசி நாம் பெருமைப்படுகிறோம். 2015ஆம் ஆண்டைச் சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது உலகமே அவரை நினைவு கூர்ந்தது. ஆனால் அவரைப் பற்றிப் பேசுவதை விட, அவர் செய்தது போல அளந்து பார்த்து நம்புவதே அவருக்குச் செய்யும் மரியாதை. தரகர் கொண்டு வரும் கல்லையும் அளந்து பார்க்க வேண்டும், நமது மூடைக்குள் இருக்கும் ஈரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

பிறர் கருவி கொண்டு வந்து நமது மூடைக்குள் கையை விடுவதற்கு முன்னர், நாமே ஒரு தடவை விட்டுப் பார்த்துக் கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவரினதும் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.